உன் பெயரில் ஒரு வண்டி

நவம்பர் 6

அக்காவுக்கு,

சிறைக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். எதையும் பார்த்து எழுதுங்கள் என்று எங்கள் அரசு ஊழியர் சங்கத்து வக்கீல் சொல்லியிருக்கிறார். பார்த்தே எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பரிசோதனை. கேபினின் கூரை மேல் நின்று இரும்புக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து கூப்பிட்டார்கள். இறங்கி வந்தால் இரண்டு போலீஸ்காரர்கள், கையில் நம் லாண்டரி வேனின் போட்டோ. "இந்த வண்டி உங்களுதா சார்?" என்றார்கள். ஆமாம் என்றேன். "லாண்டரி லைசென்ஸும் உங்க பேர்லதானே?" அதற்கும் ஆமாம். "அப்ப ஆத்தைத் தாண்டி வந்தவங்களை ஏத்திக்கிட்டுப் போனது உங்க வண்டிதான்" என்றார் ஒருவர். என் உதவியாளர்கள், வார்டு ஆட்கள், சக்கர நாற்காலியில் காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேனின் கதவைக்கூட நான் திறந்ததில்லை. ஆட்கடத்தல் வழக்கில் முதல் பெயர் என் பெயராம்.

பிடிபட்டவர்களில் பத்தொன்பது பேரின் சட்டைக் காலரில் நம் கடைச் சீட்டு குத்தியிருந்ததாகச் சொல்கிறார்கள். அது கும்பலின் அடையாளச் சீட்டாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ என்னதான் செய்தாய்?

வழக்கில் பெயர் ஏறினால் எனக்கு வேலை நிற்கும். வேலை நின்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். அதனால் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடலாம் என்கிறார் வக்கீல். லைசென்ஸ் பெயரளவுக்குத்தான் என்னுடையது, கடையை நடத்துவது நீ என்று. எழுதட்டுமா? உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. உன்மேல் கோபமும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

உன் தம்பி


நவம்பர் 14

தம்பிக்கு,

முதலில் வார்டரம்மாவுக்கு வணக்கம். என் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். படிக்கட்டும், நாலு நல்ல விஷயம் தெரிந்துகொள்ளட்டும்.

நான் சௌக்கியம். இங்கேயும் என்னைச் சலவைக்குத்தான் போட்டிருக்கிறார்கள். சோப்பும் மட்டம், தண்ணீரும் உப்பு. போர்வையை எப்படி அலசுவது என்று நேற்று இரண்டு பேருக்குப் பாடம் எடுத்தேன்.

என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறாய். நம் கடையின் பின்வாசலில் இருந்து ஆற்றங்கரை நானூறு அடி. உனக்குத் தெரியும், மறந்திருப்பாய். குளிர்காலத்தில் அடுத்த நாட்டில் இருந்து ஆற்றைக் கடந்து தப்பி வருபவர்கள் கழுத்து வரை நனைந்து வருகிறார்கள். பல் கிட்டித்துப்போய்ப் பேச்சு வராது. எங்கே சூடான காற்று வருகிறதோ அங்கே வந்து நிற்பார்கள். டிரையரின் சூட்டுக் குழாய் பின்வாசலில்தான் இருக்கிறது. ஈரத்தோடு வாசலில் நிற்பவரைப் போ என்று எந்தச் சலவைக்காரி சொல்வாள்? ஈரம்தானே என் தொழில். துணியை வாங்கி டிரையரில் போடுவேன். அது காய நாற்பது நிமிஷம். அதுவரை ஆஸ்பத்திரிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்காருவார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குத் துணி கொண்டுபோகும் வேனிலேயே ஏற்றி, வழியில் புகலிடப் பதிவு அலுவலகத்தில் இறக்கிவிடுவேன். அரசாங்கம் திறந்து வைத்திருக்கும் ஆபீஸ் அது. எதையும் எங்கேயும் கடத்தவில்லை. யாரிடமும் கை நீட்டவும் இல்லை.

சீட்டு விஷயம்தான் என் முட்டாள்தனம். துணி கைக்கு வந்ததும் காலரில் நம்பர் சீட்டைக் குத்துவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஒரே நேரத்தில் ஐந்து பேர் வந்தால் யார் துணி யாருடையது என்று தெரிய வேண்டாமா? குத்துவேன், காய வைப்பேன், நம்பரைப் பார்த்துக் கொடுப்பேன். காலரில் இருப்பதை வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ப் பிய்த்துக்கொள்வார். இவர்களுக்கு வீடு ஏது? அப்படியே குத்தியபடி நாடு முழுக்கப் போயிருக்கிறார்கள்.

வாக்குமூலம் தாராளமாக எழுதிக் கொடு. பதினாறு வயதில் பாய்லர் பக்கத்தில் நின்றவள் நான். அப்பா லைசென்ஸை எழுதியது காலேஜில் படித்துக்கொண்டிருந்த உன் பெயரில். ஆம்பளைப் பிள்ளை பெயரில் இருக்கட்டும் என்றார். கடை அக்காவுடையது என்று ஒரு காகிதத்தில் பார்க்க எனக்கு இருபத்திரண்டு வருஷமாக ஆசை. அது போலீஸ் காகிதமாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் வீட்டுக்காரியைப் பயப்பட வேண்டாம் என்று சொல்.

அக்கா


நவம்பர் 23

அக்காவுக்கு,

வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். என் பெயரை வழக்கில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று தெரிகிறது. அலுவலகத்திலும் இனி தொந்தரவு இருக்காது.

வாசகங்களை வக்கீல்தான் எழுதினார். நீ கேட்ட விஷயம் அதில் தெளிவாக இருக்கிறது. மற்றவை சட்டத்துக்கு வேண்டிய வார்த்தைகள்.

உனக்குக் கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். கொடுத்தார்களா என்று எழுது. இரண்டு நாளாக இங்கே நல்ல குளிர்.

உன் தம்பி


டிசம்பர் 3

தம்பிக்கு,

கம்பளிச் சட்டை வந்தது. திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். குளிர் விடவில்லை, போட்டுக்கொண்டேன்.

என் வக்கீலம்மா நேற்று உன் வாக்குமூலத்தின் நகலைக் கொண்டுவந்தார். மொத்தம் ஐந்து வரி. முதல் நாலை நானே நாலு தரம் வாங்கிப் படித்தேன். 'மேற்படி லாண்டரியை ஆரம்பம் முதல் முழுப் பொறுப்புடன் நடத்தி வருபவர் என் அக்கா.' கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. பிறகு ஐந்தாவது வரி. 'அவர் இச்செயல்களை என்னிடமிருந்து மறைத்துச் செய்தார், எனக்கு எதுவும் தெரியாது.'

நெஞ்சில் கை வைத்துச் சொல். தெரியாதா?

போன வருஷத்துக்கு முந்தின ஜனவரியில் லைசென்ஸ் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வந்தாய். இரண்டு நாள் இருப்பதாகச் சொன்னாய். மூன்றாவது டிரையர் ஏதோ சத்தம் போடுகிறது என்று நீயாகத்தான் பின்னால் போனாய். பெஞ்சில் ஒரு மனுஷரும் அவர் மனைவியும் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். "யாரு இவங்க?" என்று கேட்டாய். "ஆத்துல வந்தவங்க. துணி காஞ்சதும் பதிவு ஆபீஸ்ல விடணும்" என்றேன். ஒளிக்கவில்லை, குரலைக்கூடத் தணிக்கவில்லை. "சரி" என்றாய். பையை எடுத்துக்கொண்டு மதிய பஸ்ஸிலேயே போய்விட்டாய். வேலை இருக்கிறது போலும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த ஒரு வரியால் என்ன ஆகும் என்று உன் வக்கீல் சொல்லியிருக்க மாட்டார். என் வக்கீலம்மா சொன்னார். என்மேல் போட்டிருப்பது பதினாலாவது பிரிவு. ஏற்றினாலும் குற்றம், தங்க வைத்தாலும் குற்றம், ஐந்து வருஷம் வரை உள்ளே. ஆனால் அதிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. உயிராபத்தில் இருப்பவருக்கு, ஆதாயம் கருதாமல், மறைக்காமல் உதவியவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. நல்ல மனசோடு யாரோ எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிறது. இதுவரை ஒருவரும் அதைக் காட்டி வெளியே வந்ததில்லையாம். ஏனென்றால் மூன்றையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும். உயிராபத்துக்கு டாக்டர் இருக்கிறார். ஆதாயம் இல்லை என்பதற்கு இரண்டு பேர் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மறைக்கவில்லை என்பதுதான் பாக்கி. அதை உடைக்க அரசு வக்கீல் கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம், கூடப் பிறந்த தம்பியிடமே மறைத்தாள் என்ற உன் காகிதம்.

இதற்கு மேல் எழுதினால் திட்டிவிடுவேன். வார்டரம்மா வேறு படிப்பார்.

அக்கா


டிசம்பர் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் காட்டவில்லை. அலுவலக மேஜையில் பூட்டி வைத்திருக்கிறேன். இதை வார்டரம்மா படிக்காதபடி உன் வக்கீலம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நான் பார்த்தது உண்மை. ஆனால் பார்ப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அரசு ஊழியன் அக்கா. ஒரு குற்றத்தைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் பண்ணாமல் இருந்தால் அதுவும் குற்றம். ரிப்போர்ட் பண்ணினால் உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றுதான் பஸ் ஏறினேன். பார்க்காதவனாக இருந்துவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது என்று நினைத்தேன். வக்கீல் அந்த வரியை வாசித்தபோது நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறையில் வேறு நாலு பேர் இருந்தார்கள், அவர் அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார்.

இப்போது வக்கீல் வேறு ஒரு வழி சொல்கிறார். லைசென்ஸும் வண்டியும் என் பெயரில் இருப்பதால், நானே முதலாளி, என் சொல்படிதான் எல்லாம் நடந்தது என்று நான் சொன்னால், நீ முதலாளி சொன்னதைச் செய்த வேலையாள் ஆகிவிடுவாய். வேலையாளுக்குத் தண்டனை ஓரிரு மாதம்தான். அதைப் பெரும்பாலும் ஏற்கெனவே அனுபவித்துவிட்டாய். நீ உடனே வெளியே வரலாம். எனக்கு வேலை போகும், சிறையும் இருக்கலாம். இரண்டு நாளாக யோசித்தேன். செய்கிறேன் அக்கா. அந்த ஐந்தாவது வரிக்கு இதுதான் பரிகாரம்.

நீ சரி என்று ஒரு வரி எழுது போதும்.

உன் தம்பி


டிசம்பர் 19

தம்பி,

சரி இல்லை.

நல்லெண்ணத்தோடுதான் கேட்டாய், புரிகிறது. கேட்டதே எனக்குப் பெரிசு. ஆனால் ஒரு பொய்யை அழிக்க அதைவிடப் பெரிய பொய்யைக் கொண்டுவந்தால் எப்படி? எண்ணெய்க் கறையை மையால் துடைக்கிற கதையாக இருக்கிறது.

நான் யார் சொல்லியும் செய்யவில்லை. அந்தப் பெஞ்சை அங்கே போட்டது நான். போர்வை எடுத்துக் கொடுத்தது நான். வேனை ஓட்டியது நான். கடையைத்தான் காகிதத்தில் என் பெயரில் தரவில்லை. என் வாழ்நாளில் நானாகச் செய்த ஒரே நல்ல காரியத்தையாவது என் பெயரில் விட்டுவை. முதலாளி சொன்னான், வேலைக்காரி செய்தாள் என்று நீதிமன்றத்தில் எழுதிவைத்தால் நான் வெளியே வந்து என்ன செய்ய?

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து வருஷம் என்றால் வெளியே வரும்போது எனக்கு ஐம்பத்தொன்று. சாயங்காலம் எண்ணிக்கை எடுத்துப் பூட்டும் சத்தம் கேட்டால் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொள்கிறேன். பகலில் வாயாடுகிறேன், அவ்வளவுதான். உன்னிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

சொல்ல முடியவில்லை என்றால் அதையும் நேராக எழுதிவிடு. கம்பளிச் சட்டை எதுவும் அனுப்பாதே.

அக்கா


ஜனவரி 8

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். பிறகு லீவு போட்டுவிட்டு நம் கடைக்குப் போனேன்.

கடை நடக்கிறது. இஸ்திரிக்காரர் ஒற்றை ஆளாக ஆஸ்பத்திரித் துணியைப் பார்த்துக்கொள்கிறார். வேன் இல்லாததால் ஆஸ்பத்திரி வண்டியே வந்து எடுத்துப்போகிறது. மூன்றாவது டிரையர் இன்னும் சத்தம் போடுகிறது. பெல்ட் தளர்ந்திருக்கிறது. முடுக்கிவிட்டேன்.

அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இஸ்திரிக்காரர் டீ கொண்டுவந்தார். அவர் என்னோடு அதிகம் பேசியதில்லை, உனக்குத் தெரியும். தானாக ஆரம்பித்தார். "அன்னைக்கு நீங்க பேசாம பையை எடுத்துக்கிட்டுப் போனீங்களே சார், அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?" தெரியாது என்றேன்.

"அந்த ஆள் எழுந்து நின்னுட்டாரு. நீங்க போலீஸைக் கூப்பிடத்தான் போறீங்கன்னு நெனச்சுட்டாரு. பாஷை தெரியாது, கையாலயே கேக்கறாரு. காயாத சட்டையை டிரையர்லருந்து இழுத்து மாட்டிக்கிட்டு, பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு மறுபடி ஆத்துப் பக்கமே ஓடப் பாத்தாரு. அக்கா குறுக்க நின்னாங்க. 'அவன் என் தம்பி, அப்படியெல்லாம் பண்ண மாட்டான்'னு சொன்னாங்க. அவருக்கு எங்க புரியுது? கடைசில அக்கா ஒரு நாற்காலியை எடுத்துக் கடை முன்வாசல்ல போட்டு உக்காந்துட்டாங்க. யாராவது வந்தா முதல்ல என்னைத்தான் தாண்டணும்னு காட்டினாங்க. அதுக்கப்புறந்தான் அவர் உக்காந்தாரு."

இதை நீ எனக்கு எழுதவே இல்லை. நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்று நிம்மதியாக ஊர் திரும்பிய நேரம் அது.

27ஆம் தேதி உன் வழக்கு. நான் வருகிறேன். சங்கத்து வக்கீலிடம் சொல்லிவிட்டேன். கொடுத்த வாக்குமூலத்தை மாற்றினால் பொய் வாக்குமூலம் என்று என்மேல் தனியாக வழக்குப் போடலாம், அதில் தலையிட மாட்டேன் என்றார். வீட்டில் சொன்னேன். அவள் மறுநாள், "பாத்தீங்கதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப வேற என்ன சொல்வீங்க?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன் தம்பி


பிப்ரவரி 1

தம்பிக்கு,

அன்றைக்குக் கோர்ட்டில் நாம் பத்தடி தூரத்தில் இருந்தும் ஒரு வார்த்தை பேச விடவில்லை. நீ இளைத்திருக்கிறாய். சாட்சிக் கூண்டில் ஏறியதும் கம்பியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாயே, லிஃப்ட் பரிசோதனை என்று நினைத்துவிட்டாயா? அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அரசு வக்கீல் உன்னை அவ்வளவு மிரட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப முன்னாடி கொடுத்தது பொய் வாக்குமூலமா?" என்று கத்தினார். நீ நிதானமாக, "அஞ்சாவது வரி பொய். முதல் நாலும் உண்மை. கடை அக்காவோடது" என்றாய். "அவங்க மறைக்கல. நான் கேட்டேன், அவங்க சொன்னாங்க. நான்தான் பஸ் ஏறிப் போயிட்டேன்" என்றாய். அத்தனை பேர் நடுவில் உரக்கச் சொன்னாய். உன்மேல் இருந்த கோபம் முழுக்க அங்கேயே போய்விட்டது. பழைய கோபம்கூட.

உன்னை வெளியே அனுப்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அரசு வக்கீல் நம் சீட்டு ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துத் தூக்கிக் காட்டி, இதுதான் கடத்தல் கும்பலின் ரகசிய அடையாளம் என்றார். என் வக்கீலம்மா எழுந்து, என்னைக் கைது செய்த சப்-இன்ஸ்பெக்டரையே கூப்பிட்டு அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவர் படித்தார். கடைப் பெயர், முகவரி, போன் நம்பர். சாயம் போனால் கடை பொறுப்பல்ல. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. ஞாயிறு விடுமுறை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஞாயித்துக்கிழமை லீவு விடற கடத்தல் கும்பலா?" என்று கேட்டார். சப்-இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தீர்ப்பு 12ஆம் தேதி. வக்கீலம்மா எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படி வந்தாலும், நீ வந்தாய்.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நேற்று என்னை சஸ்பெண்ட் செய்து உத்தரவு வந்தது. துறை விசாரணை மார்ச் 10ஆம் தேதி. விசாரணை முடியும் வரை குவார்ட்டர்ஸில் இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள்.

அடையாள அட்டையையும் டார்ச்சையும் ஒப்படைத்தேன். டார்ச்சைத் திருப்பிக் கொடுத்ததுதான் கஷ்டமாக இருந்தது, பதினேழு வருஷமாகப் பாக்கெட்டில் இருந்தது. உதவியாளர்களில் ஒருவர் மட்டும் மாடியில் இருந்து கூடவே இறங்கி வந்தார். இரண்டு பேரும் படியில்தான் இறங்கினோம், ஏனென்று தெரியவில்லை.

வருத்தம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அதுவும் இன்னொரு ஐந்தாவது வரி ஆகிவிடும். ஆனால் சாப்பாடு இறங்குகிறது.

12ஆம் தேதி கோர்ட்டுக்கு வர முடியாது. விசாரணை முடியும் வரை ஊரைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. யாரையாவது உடனே போன் பண்ணச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

விடுதலை ஆன அன்றைக்கே போனில் பேசிவிட்டோம். ஆனாலும் எழுதுகிறேன். போனில் நீ நடுவில் நடுவில் குறுக்கே பேசுவாய்.

தீர்ப்பின் நகல் கைக்கு வந்தது. உயிராபத்து இருந்தது, ஆதாயம் இல்லை, மறைக்கவில்லை, ஆகவே விலக்கு பொருந்தும். மூன்று மாசத்துக்கு மேல் உள்ளே இருந்ததற்கு இவ்வளவுதான், ஒரு பத்தி. 'மறைக்கவில்லை' என்ற இடத்தில் உன் சாட்சியத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். அரசு அப்பீல் போயிருக்கிறது. அது முடியும் வரை வேன் போலீஸ் நிலையத்தில்தான் நிற்கும். நானும் எந்த வாகனத்திலும் யாரையும் ஏற்றக்கூடாது என்று நிபந்தனை.

மார்ச் 10ஆம் தேதி உன் விசாரணைக்கு நான் வருகிறேன். வக்கீலம்மாவும் வருகிறார். இஸ்திரிக்காரர்கூடச் சட்டை எடுத்து வைத்துவிட்டார். தடுக்காதே.

இப்போது நேற்று நடந்ததைக் கேள். காலை எட்டே கால் மணி, கடையைத் திறந்து கால் மணிதான் ஆகியிருந்தது. பின்வாசலில் ஓர் அம்மாளும் அவருடைய வளர்ந்த மகளும். சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறார்கள். எனக்கு மறுபடியும் பூட்டும் சத்தம் காதில் கேட்டது. அந்த அம்மாளின் உதடு நீலமாக இருந்தது. உள்ளே வாங்க என்றேன்.

துணி காய்ந்தது. பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எங்களிடம் வண்டி இல்லை, அவர்களையே வரச் சொல்லுங்கள் என்றார்கள். பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னையும் உள்ள தள்ளிடுவாங்கம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சரி, நிபந்தனை வாகனத்துக்குத்தானே, காலுக்கு இல்லையே என்று நடந்தோம். பெரிய சாலையில், பட்டப்பகலில், ஆறு கிலோமீட்டர்.

பாதி வழியில் ஒரு ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. அதே சப்-இன்ஸ்பெக்டர். எங்கே என்றார். சொன்னேன். அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மாள் நொண்ட ஆரம்பித்திருந்தார். ஜீப்பின் பின் சீட்டு காலி. "ஏத்திக்கிட்டுப் போங்களேன் சார்" என்றேன்.

அவர் இறங்கி வந்து மெதுவாகச் சொன்னார். "ஏத்தினா கைதுன்னு எழுதணும். கைதுன்னு எழுதினா லாக்கப்புக்குத்தான் போகணும், பதிவு ஆபீசுக்கு இல்ல. கைது பண்ணாம சும்மா ஏத்தினேன்னு வைங்க, உங்க மேல போட்ட அதே பிரிவு என் மேல வரும்மா." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

நாங்கள் நடந்தோம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், ஜீப் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வருகிறது. மேல் விளக்கைச் சுழலவிட்டு, பின்னால் வருகிற லாரிகளை எல்லாம் ஒதுங்கிப் போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டு வருகிறார். மீதி மூன்று கிலோமீட்டரும் அப்படியே. அந்த அம்மாள் பயந்துபோய் என் கையை விடவே இல்லை.

அலுவலக வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அப்பீல்ல இதையெல்லாம் சொல்லி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுட மாட்டீங்களே?" என்று கேட்டார்.

"கூப்பிடுவேன் சார்" என்றேன். "பாத்ததைப் பாத்தேன்னு சொல்லுங்க, அது போதும். என் தம்பி சொன்னான். வேலை போயிருக்கு, ஆனா சாப்பாடு இறங்குதுன்னு எழுதியிருக்கான்."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் வரிசையில் நின்று, எங்கள் முறை வந்து, கதவு திறந்து உள்ளே போகும் வரை ஜீப்பைத் திருப்பாமல் வாசலிலேயே நின்றார்.

உன் அக்கா